தீவில் புயல் நேரத்து மின்சாரம்: டிராலி ஜெனரேட்டரை எங்கே, எப்படி இணைப்பது

கேள்வி இதுதான். பாம்பன் தீவில் ஓர் ஊராட்சிப் பகுதி. ஒரு 100 கேவிஏ (மின் இயந்திரத்தின் திறன் அளவு) டிரான்ஸ்பார்மர், அதன் கீழே சுமார் 120 வீடுகள், மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற 10 எச்.பி. நீர்மூழ்கி மோட்டார், ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், ஒரு புயல் பாதுகாப்பு மையம். ஐப்பசி, கார்த்திகையில் காற்றழுத்தத் தாழ்வு உருவாகி 11 கேவி (11,000 வோல்ட்) லைன் சாய்ந்தால் இரண்டு மூன்று நாள் இருட்டு. டிராலியில் வைத்த 125 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்றை வாங்கி, டிரான்ஸ்பார்மரின் எல்.டி. பக்கம் (வீடுகளுக்குப் போகும் குறைந்த அழுத்தப் பக்கம்) இணைத்து ஊர் முழுக்க மின்சாரம் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். ஆனால் 125 வேண்டாம், 62.5 கேவிஏ போதும். டிரான்ஸ்பார்மரில் ஊராட்சியோ தனியார் எலெக்ட்ரீஷியனோ கை வைக்கக் கூடாது; அது மின்வாரிய ஆட்களின் வேலை. இயந்திரத்துக்குப் பணம் ஒதுக்குவதற்கு முன் அதை மாட்டும் இடங்களுக்கு ஒதுக்குங்கள். இணைப்புப் பெட்டி தயாராக இல்லாத ஊரில், புயல் முடிந்த மறுநாள் காலை ஜெனரேட்டர் வந்து நின்றாலும் மாலை வரை கேபிளையும் அதன் நுனியில் மாட்டும் லக்கையும் தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

முதலில் அளவு. புயல் நாளில் ஒரு வீட்டுக்கு விளக்கு, மின்விசிறி, செல்போன் சார்ஜர், சிலருக்கு ஃபிரிட்ஜ். வீட்டுக்குச் சராசரியாக 300 வாட் வைத்தால் 120 வீட்டுக்கு 36 கிலோவாட். 62.5 கேவிஏ இயந்திரம் 0.8 பவர் ஃபேக்டரில் (கேவிஏவில் கிலோவாட்டாகக் கிடைக்கும் பங்கு) 50 கிலோவாட் தரும். மூன்று ஃபேஸில் (மின்சாரம் வரும் மூன்று கம்பிகளில்) ஒவ்வொன்றுக்கும் 87 ஆம்பியர். ஏசி, கிரைண்டர், வீட்டு மோட்டார் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னால் இதில் ஊர் தாங்கும். ஐஸ் கம்பெனி, இறால் பண்ணை, லாட்ஜ் போன்றவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அவற்றின் கம்ப்ரசரும் ஏரேட்டரும் இந்த அளவுக்குள் அடங்காது. பெரும்பாலும் அவர்களிடம் சொந்த ஜெனரேட்டர் இருக்கும். அதனால் வரும் ஆபத்தைப் பின்னால் சொல்கிறேன்.

பெரியதாக வாங்கினால் பாதுகாப்பு என்று நினைப்பது டீசல் இன்ஜின் விஷயத்தில் தவறு. நள்ளிரவுக்கு மேல் இந்த ஊரின் லோடு 10 கிலோவாட்டுக்கு இறங்கிவிடும். 125 கேவிஏ இயந்திரத்துக்கு அது வெறும் 10 சதவீதம். 30 சதவீதத்துக்குக் கீழே மணிக்கணக்கில் ஓடினால் சிலிண்டர் போதுமான அளவு சூடேறாது. எரியாத டீசல் கரியாகப் படியும், சைலன்சர் மூட்டில் கறுப்பு எண்ணெய் வழியும், மூன்றாம் நாள் லோடு ஏற்றினால் இன்ஜின் இழுக்காது. 62.5-க்கே நள்ளிரவு லோடு குறைவுதான். அந்த நேரத்தைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற வைத்துக்கொண்டால் இன்ஜினுக்கும் வேலை இருக்கும், காலையில் குழாயிலும் தண்ணீர் வரும்.

அந்த மோட்டார்தான் உண்மையான சோதனை. 10 எச்.பி. மோட்டார் ஓடும்போது 15 ஆம்பியர் எடுக்கும். நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும் அந்தச் சில விநாடிகளில் ஆறு மடங்கு, அதாவது 90 ஆம்பியர். இயந்திரத்தின் முழுத் திறனும் அந்த நொடியில் அதற்கே போய்விடும். வீடுகள் ஏற்கெனவே லோடில் இருந்தால் வோல்டேஜ் சரியும், ஸ்டார்ட்டரில் உள்ள கான்டாக்டர் சுவிட்ச் படபடவென்று விட்டு விட்டுப் பிடிக்கும், மோட்டாரும் கிளம்பாது. மோட்டாரை முதலில் குறைந்த வோல்டேஜில் கிளப்பும் ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் இருந்தால் கிளம்பும் கரண்ட் மூன்றில் ஒரு பங்காகும். மோட்டாரிலிருந்து மேலே வரும் கேபிளில் ஆறு கோர் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். மூன்றுதான் என்றால் ஸ்டார்-டெல்டா போட வழியில்லை, வோல்டேஜை மெல்ல ஏற்றும் சாஃப்ட் ஸ்டார்ட்டர்தான் போட வேண்டும். எந்த ஸ்டார்ட்டராக இருந்தாலும் வரிசை ஒன்றுதான்: ஜெனரேட்டர் காலியாக ஓடும்போது முதலில் மோட்டார், அது நிலைத்து ஓடிய பிறகு வீடுகள், அவையும் ஒவ்வொரு லைனாக. பல மணி நேரம் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊரில் எல்லா ஃபிரிட்ஜும் ஒரே நொடியில் கிளம்பும். வழக்கமான லோடைப் போல இரண்டு மடங்கு எடுத்து பிரேக்கரைத் தட்டிவிடும்.

சுகாதார நிலையத்துக்கு 24 மணி நேரமும் மின்சாரம் வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தடுப்பூசி வைக்கும் ஐஸ்-லைன்டு (சுவருக்குள் பனிக்கட்டி உறை உள்ள) ஃபிரிட்ஜுக்கு ஒரு நாளில் 8 மணி நேரம் கிடைத்தாலே 2 முதல் 8 டிகிரிக்குள் நிற்கும். அதற்காகவே வடிவமைக்கப்பட்டது அது, மூடியைத் திறக்காமல் இருந்தால் போதும். இரவு விளக்குக்கும், பிரசவ அறைக்கும், செல்போன் சார்ஜுக்கும் 2 கிலோவாட்-மணி அளவு லித்தியம் பேட்டரி பெட்டி ஒன்று ஓரிரவைத் தாங்கும். பேட்டரியைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. மோட்டாருக்கு அது ஆகாது.

இப்போது இணைக்கும் இடம். முதல் யோசனை, லைனைத் தொடவே வேண்டாம் என்பதுதான். பம்ப் ஹவுஸ், சுகாதார நிலையம், பாதுகாப்பு மையம் ஆகிய மூன்று இடத்திலும் மீட்டருக்குப் பின்னால் ஒரு சேஞ்ச்ஓவர் சுவிட்சும் (மெயினா ஜெனரேட்டரா என்று மாற்றுவது) ஓர் இன்லெட் பெட்டியும் (ஜெனரேட்டர் கேபிளை மாட்டும் இடம்) வையுங்கள். இது உங்கள் கட்டடத்துக்குள் இருக்கும் வேலை, உரிமம் பெற்ற ஒப்பந்ததாரர் செய்யலாம். ஜெனரேட்டர் டிராலியை ஒன்றன் பின் ஒன்றாக நகர்த்திக்கொண்டு போகலாம்: அதிகாலை இரண்டு மணி நேரம் பம்ப், பிறகு சுகாதார நிலையம், இரவு பாதுகாப்பு மையம். ஊர் இருட்டில் இருந்தாலும் தண்ணீர், மருந்து, தங்குமிடம் மூன்றும் நிற்காது. பணம் குறைவாக இருந்தால் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 30 கேவிஏ இயந்திரமே இதற்குப் போதும்.

இன்லெட் பெட்டிக்கு 125 ஆம்பியர், ஐந்து பின் உள்ள இண்டஸ்ட்ரியல் வகை, ஐபி67 தரம் (தூசியும் தண்ணீரும் புகாதது). பெட்டியில் இருப்பது பின் நீட்டிய ஆண் முனை, கேபிள் நுனியில் இருப்பது துளை உள்ள பெண் முனை. இதை மாற்றிப் போட்டால் கழற்றிய கேபிள் நுனியில் உயிருள்ள பின்கள் நீட்டிக்கொண்டு நிற்கும். மழையில் நனைந்த கை பட்டால் அவ்வளவுதான். சேஞ்ச்ஓவர் ‘மெயின்’ பக்கம் இருக்கும்போது பெட்டியின் பின்களில் மின்சாரம் இருக்கவே முடியாத இன்டர்லாக் வேண்டும். மூன்று ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் நான்கு போல் சுவிட்சாக, நியூட்ரல் முதலில் சேர்ந்து கடைசியில் விடும் வகையாகக் கேட்டு வாங்குங்கள். நியூட்ரல் ஒரு கணம் முன்னால் விட்டுப்போனால் லோடு குறைந்த ஃபேஸில் 230 வோல்ட் 400 வரை ஏறும். டிவி, ஃபிரிட்ஜ், எல்இடி பல்பு ஒன்றும் மிஞ்சாது.

கேபிளுக்கு 35 சதுர மி.மீ. செம்பு, ரப்பர் உறை போட்ட வளையும் வகை, 25 மீட்டர். அலுமினிய ஆர்மர்டு கேபிளை இழுத்து வளைத்துப் பயன்படுத்தினால் லக்கின் கழுத்தில் உடையும். சுருளிலேயே பாதியை விட்டுவிட்டு முழு லோடு ஏற்றாதீர்கள், சுருள் சூடேறி உறை உருகும். முழுவதையும் அவிழ்த்து, எட்டு வடிவில் தரையில் போடுங்கள்.

ஊர் முழுக்கக் கொடுப்பதென்றால், டிரான்ஸ்பார்மர் எல்.டி. பக்கத்துக்கும் லைனுக்கும் நடுவில் இதே மாதிரி 200 ஆம்பியர் சேஞ்ச்ஓவர் பெட்டி ஒன்றை மின்வாரியமே வைக்க வேண்டும். செக்‌ஷன் ஆபீஸில் உதவிப் பொறியாளரிடம் ஊராட்சித் தீர்மானத்தோடு எழுதிக் கேளுங்கள். பெட்டி இல்லாமல், டிரான்ஸ்பார்மர் கம்பத்தில் ஜெனரேட்டர் கேபிளை முறுக்கிக் கட்டும் வழக்கத்துக்கு ஒருபோதும் ஒப்புக்கொள்ளாதீர்கள். காரணம் கணக்கிலேயே இருக்கிறது. டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட்டை 433 ஆக இறக்குகிறது; எல்.டி. பக்கத்தில் மின்சாரம் ஏற்றினால் அதே விகிதத்தில் ஏற்றியும் விடும். ஒரு வீட்டு 3 கேவிஏ பெட்ரோல் ஜெனரேட்டரே ஒரு ஃபேஸுக்கு 230 வோல்ட் கொடுத்தால், டெல்டா சுற்றில் 44 மடங்காகி (433 என்பது இரண்டு ஃபேஸுக்கு நடுவில்; ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் அது 250, அதாவது 11,000-ல் 44-ல் ஒரு பங்கு) மேலே 10,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளி, அறுந்த கம்பியைக் கையில் பிடித்துக் கட்டிக்கொண்டிருக்கும் லைன்மேன் சாவது இப்படித்தான்.

இதனால் பெட்டி இருந்தாலும் ஒழுங்கு மாறக் கூடாது. முதலில் லைன் கிளியர் (லைனில் வேலை செய்ய மின்வாரிய அனுமதி). பிறகு 11 கேவி பக்கத்தைத் துண்டிக்கும் ஏபி சுவிட்சை இறக்கி, கீழே நின்று மூன்று பிளேடும் விலகியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும். இந்தக் கடற்கரையில் இதை அழுத்திச் சொல்கிறேன். உப்புக் காற்றில் பிவட் துருப்பிடித்து, கைப்பிடி முழுக்க இறங்கியும் நடு பிளேடு மட்டும் ஒட்டிக்கொண்டே நிற்பது உண்டு. கைப்பிடியைப் பூட்டி, 11 கேவி பக்கத்து எச்.ஜி. ஃபியூஸை மூன்றிலும் கழற்றி, டிஸ்சார்ஜ் ராடு (மிச்ச மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் கம்பி) போட்டு, 11 கேவி பக்கத்தை எர்த் செய்ய வேண்டும். அதற்குப் பிறகு எல்.டி. ஃபியூஸ் கேரியர்கள் அனைத்தையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு ஃபேஸிலும் ஏற்கெனவே மின்சாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் ஏதோ ஒரு மண்டபமோ பண்ணையோ வீடோ தன் ஜெனரேட்டரைச் சேஞ்ச்ஓவர் இல்லாமல் மாட்டியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்து நிறுத்தும் வரை அடுத்த வேலை இல்லை.

கூரையில் சோலார் போட்ட வீடுகளின் ஏசி சுவிட்சையும் நிறுத்தச் சொல்லுங்கள். ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரையே மின்வாரிய லைன் என்று நினைத்துச் சேர்ந்துகொள்ளும். புயல் கலைந்த நண்பகலில் வெயில் அடித்து, ஊர் லோடு குறைவாக இருந்தால் மின்சாரம் ஜெனரேட்டருக்குள்ளேயே திரும்பும், ஃப்ரீக்வென்சி ஏறும், இயந்திரம் டிரிப் ஆகும். டிரிப் ஆவது நல்ல விளைவு, ஆகாவிட்டால்தான் கெட்டது.

பெரும்பாலோர் யோசிக்காத ஆபத்து இன்னொன்று உண்டு. மின்வாரிய சப்ளையில் லைன் ஷார்ட் ஆனால் டிரான்ஸ்பார்மர் ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் தள்ளும், ஃபியூஸ் உடனே போய்விடும். சிறிய ஜெனரேட்டரால் அப்படித் தள்ள முடியாது. தன் மின்சாரத்தாலேயே காந்தமேறும் சாதாரண ஷன்ட் வகை ஆல்டர்னேட்டரில் (ஜெனரேட்டரின் மின் பாகம்) ஷார்ட் வந்ததும் வோல்டேஜே சரிந்து, கரண்ட்டும் இறங்கிவிடும். நல்ல வகையிலும் மூன்று மடங்குதான். அதனால் லைன் கடைசியில் கம்பி அறுந்து மணலில் கிடந்தாலும் ஃபியூஸ் போகாது; கம்பி உயிரோடு கிடக்கும். ஈர மணலில் வெறுங்காலோடு நடக்கும் ஊர் இது. எனவே சப்ளை கொடுக்கும் முன் கடைசிக் கம்பம் வரை நடந்து பார்ப்பது கட்டாயம். சர்வீஸ் ஒயர் தொங்கும் வீடுகளைத் துண்டித்துவிடுங்கள். ஜெனரேட்டரின் எம்சிசிபியில் (மெயின் பிரேக்கரில்) மேக்னெட்டிக் டிரிப் அளவை (ஷார்ட்டில் உடனே விழும் அளவை) இயந்திரத்துக்கு ஏற்றபடி கீழே இறக்குங்கள், லீக்கேஜ் ரிலேயும் சேருங்கள். நீளமான லைனை விட்டுவிட்டு, டிரான்ஸ்பார்மரைச் சுற்றி உள்ள குட்டை லைன்களுக்கு மட்டும் கொடுப்பதே என் விருப்பம்.

இணைக்கும்போது நியூட்ரல் முதலில், பிறகு ஃபேஸ்கள். ஃபேஸ் சீக்வென்ஸ் மீட்டரில் பார்த்த பிறகே மூடுங்கள். ஆர், ஒய், பி என்ற ஃபேஸ் வரிசை மாறிப்போனால் நீர்மூழ்கி மோட்டார் பின்பக்கம் சுற்றும். சத்தம் சரியாகவே இருக்கும், தண்ணீர் மட்டும் நூலாக வரும். மோட்டார் போய்விட்டது என்று கழற்றத் தொடங்கிவிடுவார்கள். லோடு ஏறியதும் கம்பியைச் சுற்றிப் பிடித்து அளக்கும் டாங் டெஸ்டரில் மூன்று ஃபேஸையும் தனித்தனியே அளந்து பாருங்கள். மொத்தம் குறைவாக இருந்தும் ஒரு ஃபேஸ் மட்டும் 87 ஆம்பியரைத் தாண்டலாம்.

எர்த்துக்கு மணல் ஒரு சங்கடம். மேல் மணல் காய்ந்திருந்தால் ரெசிஸ்டன்ஸ் மிக அதிகம். உப்புத் தண்ணீர் தொடும் ஆழத்துக்குப் போனால் நன்றாக இறங்கும், ஆனால் அங்கே ஜி.ஐ. பைப் சில ஆண்டுகளில் அரித்துவிடும். டிராலியோடு செம்பு பூசிய 3 மீட்டர் ராடு நான்கு வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நியூட்ரலுக்கு, இரண்டு பாடிக்கு, ஒன்றுக்கொன்று 3 மீட்டர் தள்ளி. எர்த் டெஸ்டரில் 5 ஓமுக்குக் கீழே வந்தால் நல்லது. வராவிட்டால் இன்னும் இரண்டு ராடு சேருங்கள். சேஞ்ச்ஓவர் பெட்டி உள்ள இடங்களில் நிரந்தர எர்த்தை இப்போதே போட்டு வருடம் ஒருமுறை அளந்துவிட்டால் புயல் நாளில் இந்த வேலையே இல்லை.

உப்பு இயந்திரத்தையும் விடாது. மாதம் ஒருமுறை அரை மணி நேரம், குறைந்தது 30 சதவீத லோடில் ஓட்டுங்கள். வெறுமனே ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்துவது இன்ஜினுக்குக் கெடுதல், பேட்டரியும் சார்ஜ் ஆகாது. தேவைப்படும் நேரத்தில் ஜெனரேட்டர் கிளம்பாமல் போவதற்கு முதல் காரணம் செத்த பேட்டரிதான். நீண்ட நாள் நின்ற இயந்திரத்தை ஓட்டும் முன் ஏவிஆரையும் (வோல்டேஜைச் சீராக்கும் பகுதி) டயோடுகளையும் கழற்றிவிட்டு, இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் வைண்டிங்கைப் பாருங்கள்; ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் வெதுவெதுப்பான காற்று கொடுத்துக் காயவைத்த பிறகே எக்சைட் செய்யுங்கள் (காந்தமேற்றி வோல்டேஜ் எடுங்கள்).

டீசல் கணக்கு எளிது. சராசரி 25 கிலோவாட் லோடில் மணிக்கு ஏழரை லிட்டர், நாளைக்கு 180. மூன்று நாளைக்கு 540 லிட்டர், மூன்று பேரல். லைசென்ஸ் இல்லாமல் 2,500 லிட்டர் வரை, ஒரு கலன் 1,000 லிட்டருக்கு மிகாமல் வைத்துக்கொள்ளச் சட்டம் அனுமதிக்கிறது. பெட்ரோல் பங்கிலும் மின்சாரம் இருக்காது என்பதை மறக்காதீர்கள். கையால் சுற்றும் பேரல் பம்ப் ஒன்று வாங்கி வையுங்கள். ஒவ்வொரு முறை ஓட்டும் முன்னும் டீசலிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் அடியைத் திறந்து தண்ணீரை வடித்துவிடுங்கள். இயந்திரத்தைப் பாதுகாப்பு மையத்தின் ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி, காற்று வீசும் திசைக்குக் கீழே நிறுத்துங்கள். மழைக்காக வராண்டாவுக்குள் தள்ளினால் கார்பன் மோனாக்சைடு உள்ளே படுத்திருப்பவர்களைத் தூக்கத்திலேயே கொல்லும்.

டிரான்ஸ்பார்மரே எரிந்துபோய், 11 கேவி லைன் நன்றாக இருந்தால் ஜெனரேட்டர் தேவையே இல்லை; டிரெய்லரில் ஏற்றிய டிரான்ஸ்பார்மர் ஒன்று சில மணி நேரத்தில் வேலையை முடிக்கும். பயணத்தில் எண்ணெய் குலுங்கிக் குமிழ் பிடித்திருக்கும். சில மணி நேரம் அசையாமல் நிற்கவிட்டு, 2,500 வோல்ட் மெக்கர் பார்த்து, ஈரத்தைக் காட்டும் சிலிக்கா ஜெல் நிறம் பார்த்து ஏற்ற வேண்டும். லைன் சீரான பிறகும் சப்ளை நிலைக்காமல் மீண்டும் மீண்டும் டிரிப் ஆனால் இன்சுலேட்டரைப் பாருங்கள். புயல் காற்று பீங்கானில் உப்பைப் பூசிவிட்டுப் போயிருக்கும். விடியற்காலைப் பனியில் நனைந்ததும் மேற்பரப்பிலேயே பொறி ஓடும். லைன் இறந்திருக்கும்போதே நல்ல தண்ணீரில் கழுவித் துடைப்பது ஒரு நாளை மிச்சப்படுத்தும். துணைமின் நிலையமே விழுந்தால் வரும் டிரெய்லர் துணைமின் நிலையமும், உயர் அழுத்தக் கோபுரம் சாய்ந்தால் நிறுத்தும் அலுமினியத் தற்காலிகக் கோபுரமும் மாநில அளவு ஏற்பாடுகள். ஊராட்சி அவற்றுக்காகக் காத்திருக்கலாம், திட்டமிட முடியாது.

திட்டமிட முடிந்தது ஒன்று: இயந்திரம் எங்கே நிற்கிறது என்பது. 1988-ல் திறந்த சாலைப் பாலம் ஒன்றுதான் தீவுக்கு வண்டி வரும் வழி. காற்று வலுத்தால் அதில் போக்குவரத்தை நிறுத்திவிடுவார்கள். சுமார் ஒன்றரை டன் எடையுள்ள டிராலியை அந்தக் காற்றில் இழுத்து வருவதும் தற்கொலை. ராமநாதபுரத்திலோ மண்டபத்திலோ வாடகைக்குப் பேசி வைத்த ஜெனரேட்டர் தேவைப்படும் முதல் நாளில் உங்களுக்குக் கிடைக்காது. செப்டம்பர் முடிவதற்குள் அது தீவில் இருக்க வேண்டும், டிசம்பர் கடைசி வரை அங்கேயே நிற்க வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியில் கடல் எவ்வளவு உள்ளே வந்தது என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். கரையை ஒட்டிய ஏலக்கூடத்தில் நிறுத்தாதீர்கள். உள்ளே தள்ளி, கட்டடத்தின் மறைவில், மூன்றடி உயர மேடையில், சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நான்கு மூலையும் தரையோடு கட்டுங்கள். தென்னை மரம் விழும் தூரத்தில் வேண்டாம்.

மின்வாரிய சப்ளை திரும்பும் நேரத்தில்தான் அவசரம் அதிகம். லைன் சரியான தகவல் வந்ததும் முதலில் வீட்டு லைன்களை ஒவ்வொன்றாகத் திறந்து, பிறகு ஜெனரேட்டர் பிரேக்கரைத் திறந்து, லோடு இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துங்கள். ஃபேஸ் கேபிள்கள் முதலில், நியூட்ரல் கடைசியில் கழற்றுங்கள். சேஞ்ச்ஓவரை நடு நிலையில் வைத்துவிட்டு, எர்த்தை எடுத்துவிட்டோம் என்று லைன்மேன் வாயால் சொன்ன பிறகே எச்.ஜி. ஃபியூஸும் ஏபி சுவிட்சும். முதல் கால் மணி நேரம் வோல்டேஜ் ஏறி இறங்கும். நிலைத்த பிறகு ஊரை ‘மெயின்’ பக்கம் மாற்றலாம். அன்றே கேனப்பியையும் (வெளிக் கூட்டையும்) ரேடியேட்டரையும் நல்ல தண்ணீரில் கழுவி, கேபிள் முனைகளைத் துடைத்து வாசலின் தடவி, டேங்கை விளிம்பு வரை நிரப்பி வையுங்கள். பாதி டேங்கில் ஈரக் காற்று தண்ணீராகப் படியும், அடுத்த புயல் அதே மாதத்திலும் வரலாம்.